கீல் பக்கம் நிற்கும் நாய்

விடியற்காலை மூன்று மணிக்குக் கீழே ஏதோ உரசுகிற சத்தம் கேட்கும். இறங்கி வந்து விளக்கைப் போட்டால், மைலோ பின்கதவின் முன்னால் நின்றுகொண்டிருப்பான். கதவு திறக்கிற பக்கத்தில் அல்ல, கீல் இருக்கிற பக்கத்தில். மூக்கைக் கீலில் வைத்தபடி, அங்கேதான் வழி திறக்கும் என்று காத்திருப்பான். பல வருஷமாக அவன் போய்வருகிற கதவு அது. நான் திறந்துவிடுவேன். வெளியே போவானா என்றால் போகமாட்டான். எதற்காக எழுந்து வந்தோம் என்பதே மறந்துபோய் என் முகத்தைப் பார்ப்பான். இறங்கி வந்ததுதான் வந்தோம் என்று நானும் ஒரு குவளை வெந்நீர் குடித்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அவன் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெருமூச்சோடு படுத்த பிறகுதான் மாடி ஏறுவேன். வாரத்தில் மூன்று இரவாவது இப்படித்தான்.

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். எங்கள் வீட்டு நாய்க்கு இப்போது நிற்பதற்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது.

2011 கடைசியில், மழைக்காலத்தில், எஸ்.எஸ்.15 கடைவரிசையின் பின்பக்க லோங்காங்கில் கிடந்த குட்டியை என் வீட்டுக்காரர் பாசார் பையில் போட்டுக் கொண்டுவந்தார். குவளை மைலோவில் பால் கொஞ்சம் கூடிவிட்டால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். அதனால் மைலோ. வீட்டுக்குள் விடமாட்டேன் என்று நான் சொன்னேன். கார் போர்ச்சில்தான் வளர்ந்தான். 2017இல் வீட்டுக்காரர் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் எல்லாம் கிளம்பிய அன்றைக்கு இரவு, மைலோ தானாக உள்ளே வந்து மாடிப்படியின் கீழ்ப்படி ஓரமாகப் படுத்துக்கொண்டான். நான் விரட்டவில்லை. அன்றிலிருந்து அவன் இடம் அதுதான்.

காவல் காத்த காலத்தில் மைலோ எல்லாவற்றையும் பார்த்துக் குரைப்பான். சுபாங் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் சின்ன விமானங்களைக்கூட விடமாட்டான். அவை அவன் குரைத்ததால்தான் ஓடிப்போகின்றன என்று நினைத்திருப்பான். தீபாவளி என்றால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில், ஹொக்கியன் குடும்பங்கள் சொர்க்கத்து அதிபதிக்குக் கரும்பு கட்டிப் பட்டாசு வெடிக்கும்போது, அவனைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்த வருஷங்களும் உண்டு. போன தீபாவளிக்குத் தெருவே அதிர்ந்தது. இவன் வாசற்படியில் மல்லாந்து தூங்கினான். செவிடாகிவிட்டான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு நிம்மதியாக அவன் கழித்த முதல் தீபாவளியும் அதுதான்.

நான் 33 வருஷம் தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். நாயின் ஒரு வயது நமக்கு ஏழு வயது என்ற கணக்கை யாராவது சொன்னால் சிவப்புப் பேனாவைத் தேடுவேன். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் லாப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வில் வயது ஏற ஏறப் படியும் வேதித் தடயங்களை மனிதருடையதோடு ஒப்பிட்டு 2020இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். நாயின் வயதுக்கு இயல் மடக்கை எடுத்து, 16ஆல் பெருக்கி, 31ஐக் கூட்ட வேண்டும். அதன்படி ஒரு வயது நாய் 31 வயது ஆளுக்குச் சமம். அதற்குப் பிறகு வயது மெல்ல மெல்லத்தான் ஏறுகிறது. மைலோவின் 14க்குப் போட்டால் 73 வருகிறது. லோங்காங்கில் கிடைத்த நாய்க்கு லாப்ரடார் சூத்திரம் சரிவருமா என்று கேட்காதீர்கள். எனக்கு 64. என்னிடம் குட்டியாக வந்தவன் என்னைத் தாண்டி ஒன்பது வயது மூத்துப்போய் நிற்கிறான். இப்போதெல்லாம் அவனுக்குத் தட்டு வைக்கும்போது கொஞ்சம் மரியாதையோடுதான் வைக்கிறேன்.

கீல் பக்கம் நிற்பதற்கும் பெயர் இருக்கிறது. மனிதருக்கு வரும் மறதி நோய் போன்ற ஒன்று நாய்களுக்கும் வருகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2001இல் வந்த ஓர் ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காட்டிலும், 15, 16 வயது நாய்களில் 68 விழுக்காட்டிலும் அதன் அறிகுறி ஒன்றாவது தென்பட்டிருக்கிறது. இரவும் பகலும் மாறிப்போவது, சுவரைப் பார்த்து நிற்பது, தெரிந்தவரைத் தெரியாதவர்போல் பார்ப்பது எல்லாம் அதில் சேர்த்தி. கண்ணில் படிந்திருக்கும் நீலப் புகையைக் காட்டி, "கண்புரையா, டாக்டர்?" என்று கிளினிக்கில் கேட்டேன். டாக்டர் சீனப் பெண், என் மாணவிகளின் வயது. விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இல்லை ஆண்ட்டி, லென்ஸ் இறுகிப்போனதால் வரும் நிறம். பார்வை ஓரளவுக்கு இருக்கும்" என்றார். பின்னங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது, அதற்கு மாத்திரை எழுதினார். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: நாம் முழங்காலுக்குப் போடும் வலி மாத்திரையைப் பாதி உடைத்துக்கூட நாய்க்குக் கொடுத்துவிடக் கூடாது; இபுபுரோபன் போன்றவை அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். அன்று காலையில்தான் நான் அப்படிப் பாதி உடைத்துக் கையில் வைத்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

தரை வழுக்குகிறது என்று கூடத்திலிருந்து பின்கதவு வரைக்கும் ரப்பர் பாய் விரித்திருக்கிறேன். தங்கை வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, அப்பா வெட்டின கித்தாவையெல்லாம் நாய்க்கு விரிச்சிட்டியா?" என்று சிரித்தாள். எனக்கும் அது பயன்படுகிறது. இரவில் வெறுங்காலோடு வரும்போது அந்தப் பாதையை விட்டு நான் நகர்வதில்லை. ஒரே வீட்டில் முழங்கால் போன இரண்டு பேர் ஒரே பாதையில் நடக்கிறோம்.

மாலை நடை முன்பெல்லாம் திடலைச் சுற்றி ஒரு மணி நேரம். இப்போது மூன்றாவது வீட்டு விளக்குக் கம்பம் வரை. அதற்கே இருபது நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு புல்லையும் நின்று படித்துவிட்டுத்தான் வருவான். எனக்கு வேறு வேலை இல்லாததால் நானும் தெருவைப் படிக்கிறேன். ஏழாம் எண் வீட்டுப் பெரியவர் காலமான பிறகு வீட்டை அறை அறையாகப் பிரித்துக் கல்லூரி மாணவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். பதினொன்றில் மனைவி மட்டும், பிள்ளைகள் பெர்த்தில். பதின்மூன்று பூட்டிக் கிடக்கிறது. 1976இல் கட்டத் தொடங்கிய ஊர் இது. அன்றைக்கு இளம் தம்பதிகளாகக் குடிவந்தவர்களுக்கும் என் நாய்க்கும் இன்று ஏறத்தாழ ஒரே வயது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மெல்பர்னில் இருக்கும் என் மகன், "மா, மாடிப்படி ஏறி இறங்காதீங்க. வீட்டை வித்துட்டு லிப்ட் இருக்கிற கொண்டோவுக்குப் போயிடுங்க" என்று ஒரு வருஷமாகச் சொல்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒன்றைப் பார்த்தேன். பாதுகாவலர் உண்டு, கீழேயே கிளினிக், மருந்துக்கடை. எல்லாம் பிடித்திருந்தது. கடைசியாக நிர்வாக அலுவலகத்தில் நாயைப் பற்றிக் கேட்டேன். மேலாளர் நம் பையன்தான், மரியாதையாகவே பேசினார்.

"நாய் முடியாது, ஆண்ட்டி. பூனைன்னா பார்க்கலாம்."

"அதுக்கு 14 வயசு, தம்பி. குரைக்கிறதுகூட இல்லை."

ஒரு நிமிடம் யோசித்தார். "அப்படின்னா, கொஞ்ச நாள் பொறுத்து வாங்களேன், ஆண்ட்டி."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். உதவி செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். கிராப் பிடித்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் 'கொஞ்ச நாள்' என் காதில் இருந்தது.

நான் பிறந்தது இந்த ஊர் எழும்புவதற்கு முன்னால் இங்கே இருந்த சீபீல்டு தோட்டத்தில். அப்பா பால் வெட்டினார். பிரட்டுக்குப் போகும் நேரத்திலேயே எங்கள் நாய் டைகர் எழுந்து அவரோடு கிளம்பிவிடும். நிரைக்குள் முன்னால் அதுதான் போகும். பாம்பு கிடந்தால் நின்று உறுமும். அப்பா வெட்டுக்கத்தியோடு சுற்றிப் போவார். அவர் பால் எடுத்துக்கொண்டு திரும்பும்வரை காண்டா வாளிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். வயதான பிறகு நிரைக்குப் போவதை நிறுத்திவிட்டது. லயத்துக் குழாயடியில், ஈர சிமெண்டில், நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கும். எழுபதுகளின் இறுதியில் நாங்கள் தோட்டத்தைவிட்டுக் கிள்ளானுக்குப் போனோம். லோரியில் கட்டில், அம்மி, சாமி படம், கோழிக்கூடு எல்லாம் ஏறின. டைகர் ஏறவில்லை. புது வீட்டில் இடம் இல்லை, பக்கத்து லயத்துக்காரர் சோறு வைப்பார் என்று அம்மா சொன்னார். சினிமாவில் வருவதுபோல் அது லோரிக்குப் பின்னால் ஓடி வரவில்லை. அதற்கு ஓடத் தெம்பு இல்லை. குழாயடியில் இருந்தபடி தலையைத் தூக்கிப் பார்த்தது, அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து நானும் அண்ணனும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். பக்கத்து லயத்துக்காரரும் போயிருந்தார். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டைகர் இல்லை. யாரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த லோரியில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு 17 வயது, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாயைப் பற்றிப் பெருமையாகப் பேச நம்மிடம் கதைகளுக்குக் குறைவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. மாட்டுப் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும் பொறித்திருக்கிறார்கள். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டுவார்கள். சொர்க்கத்தின் வாசலில் நாயை விட்டுவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று நின்ற தருமரைச் சொன்னாலும் கைதட்டுவார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள்: கோவிவன் சண்டை போட்டது, அதனால் கல் கிடைத்தது. தருமரின் நாயோ கடைசியில் நாயே இல்லை, மாறுவேடத்தில் வந்த தருமதேவதை. வீரனாகவும் இல்லாமல், தெய்வமாகவும் இல்லாமல், மூட்டு தேய்ந்து, சமயத்தில் பாயிலேயே சிறுநீர் போய்விட்டு வெட்கப்பட்டுக் காதை மடக்கிக்கொள்ளும் சாதாரண நாய்க்கு நம் கதைகளில் இடமில்லை. குரைக்காத நாய்க்கு எதற்குச் சோறு என்ற கேள்வி மட்டும் இருக்கிறது.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடிப்பவரைக் கேட்க இது இருக்கிறது. வீடு மாறும்போது கிழ நாயைக் காப்பகத்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவரை என்ன செய்வது? அவரும் அழுதுகொண்டுதான் போகிறார். காப்பகத்துக்கு வருகிறவர்கள் குட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். தாடை நரைத்த நாய்க்கு யார் வருவார்கள்?

அடுக்குமாடிகளுக்கான 2015ஆம் ஆண்டு பராமரிப்பு, நிர்வாக விதிமுறைகளை எடுத்துப் படித்தேன். வாத்தியார் புத்தி, படிக்காமல் பேசக் கூடாது. அதில் இருப்பது நாய் என்ற சொல் அல்ல. மற்றவர்களுக்குத் தொல்லை தருகிற, அவர்களுடைய பாதுகாப்புக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்தான, அல்லது எழுதப்பட்ட சட்டத்துக்கு முரணான பிராணியை வைத்திருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. அதற்கு மேல், உரிமையாளர்கள் கூடிச் சிறப்புத் தீர்மானம் போட்டுக் கூடுதல் விதிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கூடுதலாகத் தடை போட முடிகிற கூட்டத்தால் கூடுதலாக ஒரு சலுகை தர முடியாதா?

நான் கேட்பது சின்னச் சலுகை. எல்லா நாயையும் எல்லாக் கொண்டோவுக்குள்ளும் விடுங்கள் என்று கேட்கவில்லை. வேறு வீட்டில் பல வருஷம் லைசன்ஸோடு வளர்ந்த, பத்து வயதைத் தாண்டிய நாய், வயதான உரிமையாளரோடு குடிவந்தால் அது கண்மூடும் வரை இருக்கட்டும். அதன் இடத்துக்கு இன்னொன்று வரக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாமான் ஏற்றும் லிப்டில் மட்டும் போகட்டும். நீச்சல் குளத்துப் பக்கமும் விளையாட்டு இடத்துப் பக்கமும் வேண்டாம். மாநகர் மன்றமும் தன் லைசன்ஸ் விதிகளில் இதற்கு ஒரு வழி விட வேண்டும். சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே பெரும்பாலோர் வசிப்பது எச்.டி.பி. அடுக்குமாடிகளில், நாய் என்றால் ஒன்றுதான், அதுவும் பட்டியலில் உள்ள சிறிய இனங்கள்தான் என்ற கண்டிப்பு. அப்படிப்பட்ட ஊரே 2012இல் அடோர் என்ற திட்டத்தைத் தொடங்கி, காப்பகங்களில் இருந்த நடுத்தர உயரக் கலப்பின நாய்களை நிபந்தனைகளோடு அந்த வீடுகளுக்குள் அனுமதித்தது. அடுக்குமாடி வாழ்க்கை ஒன்றும் அதனால் கெட்டுப்போகவில்லை.

"முஸ்லிம் அண்டை வீட்டார் இருக்கிறார்களே?" என்பார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாதது. சாமான் லிப்ட் என்று நான் சொன்னதே அதற்காகத்தான். ஆனால் அவர்கள் சார்பில் நாமே பேசிவிடுவதும் சரியில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு மாக்சிக் இருக்கிறார். மைலோ இளசாக இருந்தபோது அவர் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பார். 2014இல் பண்டார் உத்தாமாவில் 'நான் நாயைத் தொட விரும்புகிறேன்' என்று ஒரு நிகழ்ச்சி நடந்து நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டதே, அந்தச் சமயத்தில் வேலி ஓரமாக என்னிடம் சொன்னார்: "தொடவெல்லாம் வேண்டாம், சிக்கு. பார்த்துக்கிட்டா போதும்." இன்றுவரை தொட்டதில்லை. ஆனால் இரண்டு நாள் மைலோ கேட் பக்கம் வரவில்லை என்றால் வந்து எட்டிப் பார்க்கிறார். "டா துவா டியா," வயசாயிடுச்சு அவனுக்கு, என்று தலையை ஆட்டுகிறார். ஹரி ராயாவுக்குப் பிள்ளைகள் வாணம் விடும்போது, "நாய் பயப்படும், அந்தப் பக்கம் போங்க" என்று அவர்தான் விரட்டினார். அவனுக்குக் காது கேட்காது என்று நான் சொல்லவில்லை. அந்த அக்கறையை ஏன் வீணாக்க வேண்டும்?

"ஊசி போட்டுடலாமே, அதுவும் பாவம், நீயும் பாவம்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நாள் வரலாம், வந்தால் செய்வேன். டாக்டர் எனக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். அவனுக்குப் பிடித்த ஐந்து விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதில் மூன்று போய்விட்டால் பேசலாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்: மாலைத் தேநீரோடு மேரி பிஸ்கட். காலையில் போர்ச்சில் விழும் வெயில். கேட் இடுக்கில் மூக்கை நீட்டித் தெருவை முகர்வது. என் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுப்பது. பாசார் மாலாமிலிருந்து நான் வந்ததும் பையைச் சோதனை போடுவது. இதை எழுதுகிற இன்றைக்கு ஐந்தும் இருக்கின்றன. பை சோதனை மட்டும் கொஞ்சம் மெத்தனம்.

மேலாளர் தம்பிக்கும் நிர்வாகக் குழுவுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் மகன் அங்கிருந்தபடியே பேசி ஒரு வீட்டு ஏஜெண்டைப் பிடித்துவிட்டான். போன சனிக்கிழமை அந்த ஏஜெண்ட் வந்தார். கேட்டைத் திறந்து போர்ச்சைத் தாண்டி, கூடத்தில் அங்குமிங்கும் நடந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். மைலோ படியடியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. அவர் ரப்பர் பாயின்மேல் வந்து நின்றபோதுதான் அதிர்வு தெரிந்து கண்ணைத் திறந்தான், அவருடைய ஷூவை ஒரு தரம் முகர்ந்தான், அதன்மேலேயே தாடையை வைத்துத் திரும்பவும் தூங்கிப்போனான். காலை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அந்த மனிதர் அப்படியே நின்றார்.

"நல்ல நாய், ஆண்ட்டி," என்றார். "குரைக்கவே இல்லையே."